இந்நான்கெல்லைக்குள்

நட்டஈட்டுப் படிவத்தில் பதினோராம் கேள்வி:
அழிந்த கட்டடத்தின் வகை.
கல் / மண் / ஓலை.
பொருந்தாதவற்றை வெட்டிவிடவும்.

கல் எண்டு போடு, என்றார் பெரியப்பா.
ஸ்காபரோவில் அப்போது விடியப்புறம் மூன்று மணி.
பூட்டன் நாகமுத்தர் மலாயாவில்
ரயில்வேக் கணக்கெழுதிக் காசனுப்பிக் கட்டின வீடு,
எட்டுத் தூண், நாற்சார்,
தொண்ணூறில் ஷெல்லடியில் போனதெண்டு
உலகத்துக்கே தெரியும்.

கட்டுவனில் முட்கம்பி திறந்த மாசி மாதம்
போய் நின்றோம், நானும் சேவையர் குணநாயகமும்.
ஒழுங்கை இல்லை. வேலி இல்லை.
சுவரை விடுங்கள்,
சுவர் விழுந்த கல்லும் இல்லை.
செம்மண், நாயுருவி, இடுப்பளவு பற்றை.
சங்கிலியை எங்கே வைத்து இழுப்பது தம்பி,
என்று குடையை விரித்துக்கொண்டு கேட்டார்.

ஆகவே உறுதிகள்.
காணிப் பதிவகத்தில் மின்விசிறிக்குக் கீழே
தாள் பறக்காமல் கல்லு வைத்த மேசையில்
ஒன்பது நாள்.

ஆலங்கொல்லைப்புலம், பரப்பு ஆறு, குழி ஒன்பது.
கிழக்கு ஒழுங்கை.
வடக்கு வேலுப்பிள்ளை பெண் சிவகாமி பேரிலுள்ள காணி.
தெற்கும் மேற்கும் கதிரித்தம்பி உரித்தாளர்.
சிவகாமியின் உறுதியைத் தேடி எடுத்தேன்.
தெற்கு: நாகமுத்தர் காணி, என்றது அது.
கதிரித்தம்பியின் உறுதியும் கையை நீட்டி
நாகமுத்தரைத்தான் காட்டியது.
களவு பிடிபட்ட வகுப்பைப் போல
ஆளையாள் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஆறாம் நாள் ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழு வந்தது.
நொத்தாரிசின் சாய்ந்த எழுத்து,
அதோடு நசுங்கி ஒட்டிய ஓர் எறும்பு.

*நாகமுத்தர் பிள்ளைகள் அறுவரும்
ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மனமொப்பாதபடியால்
மேற்படி கல்வீட்டைப் பிரித்து
ஓடு, வளை, தூண், கதவு, நிலை, யன்னல் ஆகியவற்றைச்
சமபங்காய் எடுத்துக்கொள்ளச் சம்மதித்து*

ஒப்பம். ஒப்பம். ஒப்பம்.
கைநாட்டு. ஒப்பம். ஒப்பம்.

மூன்றாவது, அப்பப்பாவுடையது.
ஷெல் வர இன்னும்
முப்பத்துமூன்று வருஷம் இருந்தது.

இரண்டு தரம் வாசித்தேன்.
எழுதுவினைஞர் சாப்பிடப் போய்விட்டார்.

எவ்வளவு சமமென்றால்,
வாசல் இரட்டைக் கதவில் ஒன்று
சண்டிலிப்பாயில் ஆட்டுக்கொட்டிலுக்குக் குறுக்கே கட்டிக் கிடந்தது.
மற்றது இணுவிலில், மா அரைக்கிற கடையின் பின்பக்கம்,
நாலு கால் வைத்த மேசையாய்.
பித்தளைத் தாழ்ப்பாள் இதில்.
துளை அதில்.
இரண்டு வீட்டாருக்கும் கதைபேச்சு இல்லை.
ஏனென்று இரண்டு வீட்டாருக்கும் தெரியாது.

அப்படியென்றால் தொண்ணூறில்
அப்பா சாத்திவிட்டு ஓடிவந்தது எந்தக் கதவை?
அம்மாவைக் கேட்டேன்.
கதவோ, தட்டி, என்றாள்.
மண்சுவர், மேலே ஓலை.
முதல்நாள்தான் மெழுகினது, ஈரம் காயேல்ல.
உள்ளுக்க ஒரு கோழி அடையிருந்தது,
அதை விட்டிட்டு வந்ததுதான்
என்று நிறுத்தி
கீரையை ஆயத் தொடங்கினாள்.

பெரியப்பாவுக்குச் சொன்னேன்.
வெகுநேரம்
பனி வழிக்கும் வண்டியின் சத்தம்தான் வந்தது.
பிறகு சொன்னார்:
அந்தத் தூணுகளைக் கட்டிப்பிடிச்சு நான் விளையாடினனான் தம்பி,
குளிர், கையில இப்பவும் இருக்கு.

பெரியப்பா பிறந்தது ஐம்பத்தொன்பதில்.
நான் அதைச் சொல்லவில்லை.

நேற்று இரவு படிவத்தை எடுத்தேன்.
கல்லை வெட்டினேன்.
பேனா தாளைக் கிழித்துவிட்டது, அவ்வளவு அழுத்தம்.
பன்னிரண்டாம் கேள்வி:
இழந்த கால்நடைகள்.

அம்மா படுத்திருந்தாள். நித்திரை என்று நினைத்தேன்.
கோழி ஒண்டு, என்றாள் இருட்டிலிருந்து.
முட்டையும் கேக்கிறாங்களோ?
கேட்காவிட்டாலும் போடு.
ஒன்பது.